பஷீரின் தோல்களும் என் வானிலைச் செய்தியும்

தொலைக்காட்சியில் ஒருமுறை சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு வானமே பேச்சு மாறாது என்று நான் நம்பியிருந்தேன். (சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் கிளார்க் வேறு.)

தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் ஊர் கேபிள் சேனலில் வானிலைச் செய்தி போடத் தொடங்கியிருந்தார்கள். அதில் ஒரு தடவையாவது முகம் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. நிருபர் செல்வராஜிடம் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனேன். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார்.

“வெயில் கொளுத்துதுன்றீங்க. வேலூர் பக்கம் அது எப்ப சார் செய்தியாச்சு? வெயிலை நான் எப்படிக் காட்றது? ஒரே வரில சொல்லுங்க, இன்னா படம்?”

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. “வெயில்ல காயற தோல் சார்! யார்டு முழுக்க!”

“நாளைக்கு மூணு மணிக்கு வர்றேன்.”

என்னிடம் ஏது தோல்? என் நண்பன் பஷீரிடம் இருந்தது. சின்னதாகச் சாயப் பட்டறை வைத்திருந்தான். பெரிய கம்பெனி ஒன்று முதன்முதலாக அவனை நம்பி ஆட்டுத்தோல் கொடுத்திருந்தது. சாயம் ஏற்றி, கொட்டகைக்குள் தொங்கவிட்டிருந்தான்.

“வெளில போட்டு ஒரு துளி பட்டாலும் புள்ளி விழும்டா. ஆலங்காயம் பக்கம் வானம் கறுத்திருக்கு பாரு.”

(இது எனக்குத் தெரியாதா? தெரியும்.)

“பத்தே நிமிஷம் தோஸ்த். நாலு நாளைக்கு மழை இல்லன்னு நேத்து டிவிலயே சொல்லிட்டாங்க.”

“மழை வந்தா டிவியா வந்து தோலைத் தூக்கும்? பேஜார் புடிச்சவனே!” என்றான். ஆனாலும் விரித்தான். நான் கேட்டதற்காக விரித்தான்.

செல்வராஜ் வந்தபோது மணி நாலரை. கேமரா முன் நின்று, “மழைக்கான அறிகுறி சிறிதும் இல்லை” என்று மனப்பாடம் செய்திருந்த செந்தமிழில் ஆரம்பித்தேன். மூக்கின் மேல் முதல் துளி விழுந்தது. மனுஷனாக இருந்தால் அப்போதே தோல்களைப் பார்த்து ஓடியிருப்பான். நான் வாக்கியத்தை முடித்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் சேனலில், “ஆம்பூரில் கோடை மழை, மக்கள் மகிழ்ச்சி” என்று போட்டார்கள். தலையில் தோலோடு குதித்து ஓடும் அந்த மகிழ்ச்சியான மக்கள் நான் ஒருவன்தான். இன்றும் மேகம் கறுத்தால் என் மனைவி, “மக்களே, கொடில துணி இருக்கு” என்பாள். வீடே சிரிக்கும். நானும்தான்.

பஷீர் சிரித்ததில்லை. அதற்காக என்னைத் திட்டியதும் இல்லை. முக்கால்வாசித் தோல்களில் புள்ளி விழுந்திருந்தது. அந்தக் கம்பெனி அவனுக்கு மறுபடி வேலை கொடுக்கவில்லை.