பட்டுப்பை ரிமோட்டும் முந்நூறு அதிரசமும்

டிவியை உட்கார்ந்த இடத்திலிருந்தே இயக்கும் கருவியை ஜப்பான்காரன் கண்டுபிடித்தான், அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தான் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். எழுதட்டும், நமக்கென்ன. ஆனால் ரிமோட்டையே தொடாமல் டிவியை இயக்கும் வழியை உலகத்துக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது திருத்தணி மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் வீடு. சந்தேகப்படுபவர்கள் என் மினிட்ஸ் நோட்டை வந்து பார்க்கலாம். இருநூறு பக்கம், கோடு போட்டது.

அந்த நோட்டை எழுதியவன் ஸ்கந்தகுமார் ஆகிய நான். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் இருபது வருஷமாக 'மேற்படி', 'இத்துடன் இணைத்து' என்று எழுதி எழுதி, வீட்டில் சட்னிக்குத் தேங்காய் கேட்டால்கூட 'பார்வையில் காணும் தேங்காய்' என்று ஆரம்பிக்கும் அளவுக்கு முற்றிவிட்டவன்.

விஞ்ஞானி என் அண்ணா நாராயணசுவாமி. மலைக்கோயில் மடைப்பள்ளியில் எங்கள் குடும்பம் நாலு தலைமுறையாகச் சமைக்கிறது. மத்தியானம் மலையிலிருந்து இறங்கி வந்ததும் அண்ணா வீட்டு அடுக்களையில், கோயில் படையலுக்குப் பணம் கட்டும் கட்டளைக்காரர்களுக்கு அதிரசம், முறுக்கு, வடை என்று செய்து கொடுப்பார். எல்லாம் மடி. அதாவது குளித்துவிட்டு, யார் கையும் படாமல் உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டால் வேலை முடிகிற வரைக்கும் வெளியாள், வெளிச்சாமான் எதையும் தொடக்கூடாது. இந்த விஷயத்தில் அண்ணாவை அசைக்க முடியாது.

அண்ணாவை அசைக்கக்கூடிய ஒரே விஷயம் கிரிக்கெட். கிரிக்கெட்டோ ஹாலில் இருக்கிறது. அண்ணாவோ அடுக்களையில் இருக்கிறார். நடுவில் ஒரு சுவர். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் உலகக் கோப்பை வேறு வந்து சேர்ந்தது. ஒரு மனிதன் எத்தனையைத்தான் தாங்குவான்?

உடனடியாக 'தொலைவியக்கக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் அண்ணா. சாஸ்திர ஆலோசகர் எங்கள் பெரியப்பா பிள்ளை கணேஷ்ராம். அவனிடம் இரண்டு பஞ்சாங்கம் இருக்கிறது, இரண்டும் வேறு வேறு நாள் காட்டும், ஆகையால் எந்தக் கேள்விக்கும் அவனிடம் பதில் உண்டு. செயலாளர் நான். தொழில்நுட்பத்துக்கு பஜார் தெருவில் டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தணிகைமணியைக் கூப்பிட்டோம். பொதட்டூர்பேட்டைக்காரன். வீட்டில் எட்டுத் தறி ஓடுகிற சத்தத்தில் வளர்ந்ததால், நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் அவனுக்குப் புரியும்.

முதல் கட்டம், பார்ப்பது. ஹால் சுவரில் பீரோக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து மாட்டினோம். அடுக்களையிலிருந்து டிவி தெரிந்தது. ஆனால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரிந்தது. பதினெட்டு ரன்னில் இருந்தவனை அண்ணா எண்பத்தொன்று என்று படித்துவிட்டு, சந்தோஷத்தில் எங்களுக்கெல்லாம் இரண்டிரண்டு முறுக்கு கொடுத்தார். அடுத்த பந்தில் அவன் அவுட்டாகிப் போனபோதுதான் உண்மை தெரிந்தது. முறுக்கைத் திருப்பிக் கேட்க முடியவில்லை.

தணிகைமணி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சாமி, ஒண்ணு மாட்னா மாறித்தான் தெரியும். இன்னொண்ணு மாட்டு, சரியாய்டும்" என்றான். அடுக்களை வாசலில் இரண்டாவது கண்ணாடி ஏறியது. பதினெட்டு பதினெட்டாகவே தெரிந்தது. அண்ணாவுக்கு முதல் கண்ணாடியே மேல் என்று பட்டது.

இரண்டாம் கட்டம், இயக்குவது. மடியில் இருப்பவர் ரிமோட்டைத் தொடக்கூடாது. ஆகையால் டிவியின் பொத்தானை நேராகவே அழுத்திவிடலாம் என்று, முருங்கைக்காய் பறிக்கிற துரட்டியின் நுனியில் ஒரு மரக்கரண்டியைக் கட்டி, அதை ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றின் மறுநுனியை அடுக்களைக்குக் கொண்டுபோனோம். சோதனை ஓட்டம் மகத்தான வெற்றி. டிவியிலிருந்த எல்லாப் பொத்தான்களும் ஒரே அழுத்தில் உள்ளே போய்விட்டன. இனிமேல் அந்த டிவி ரிமோட்டுக்கு மட்டும்தான் கட்டுப்படும் என்று தணிகைமணி சான்றிதழ் கொடுத்தான்.

மூன்றாம் கட்டத்தில்தான் அண்ணாவின் மேதாவிலாசம் வெளிப்பட்டது. பட்டுக்குத் தீட்டு ஒட்டாது. அண்ணி ஞானத்தின் கல்யாணப் புடவை கிழிசலிலிருந்து ஒரு துண்டு எடுத்து ரிமோட்டுக்குப் பை தைக்கப்பட்டது. முனையில் கதிர் போக ஒரு துளை. பைக்கு மேலேயே அழுத்தினால், கதிர் இரண்டு கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி டிவிக்குப் போய்ச் சேர்ந்தது. சேனல் மாறியது. கணேஷ்ராம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆனால் அவனுக்கே ஒரு சந்தேகமும் வந்தது. மடிக் கையிலிருந்து புறப்படுகிற கதிர், ஊரெல்லாம் தொட்ட டிவியைப் போய்த் தொடுகிறதே, திரும்பி வரும்போது தீட்டைக் கொண்டுவராதா? இதற்காகவே ஒரு விசேஷக் கூட்டம் நடந்தது. நிபுணர் சாட்சியாக தணிகைமணி, "போற கதிரு போறதுதாங்க. திரும்பி வராது. யாரு அமுக்கறாங்க, எங்க பட்டுச்சு, அதெல்லாம் அதுக்குத் தெரியாதுங்க" என்று வாக்குமூலம் கொடுத்தான். 'கதிருக்குத் தீட்டு இல்லை' என்று தீர்மானம் எழுதினோம். விஞ்ஞானமும் சாஸ்திரமும் கைகுலுக்கிக்கொண்ட அந்த நாளை நான் மறக்கமாட்டேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணா பெண் பத்மப்ரியாவால் நிர்வாகச் சிக்கல் ஒன்று ஏற்பட்டது. அவள் பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. நன்றாகப் பாடுவாள். அந்த மாதம் சென்னைக்குப் போய் டிவியில் ஒரு சங்கீத நிகழ்ச்சிக்குப் பாடிவிட்டு வந்திருந்தாள். தோடியில் ஒரு கீர்த்தனை, ஏழு நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒளிபரப்பு. ஒரே தடவைதான், மறு ஒளிபரப்பு கிடையாது. அவளுக்கு அதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் 'விலக்கு' ஆகிவிட்டாள். எங்கள் வீட்டில் அந்த மூன்று நாளும் பெண்கள் கிணற்றடியை ஒட்டிய கொல்லை அறையில் இருக்கவேண்டும். காலேஜுக்குப் போகலாம். அரக்கோணம் பஸ்ஸில் ஊர் முழுக்க இடித்துக்கொண்டு நின்றபடி போகலாம், அதில் தோஷமில்லை. திரும்பி வந்து ஹாலுக்குள் காலை வைத்தால்தான் குற்றம். இதன் நுட்பம் எல்லாருக்கும் புரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்.

கொல்லையிலிருந்தபடியே அவள் மனு கொடுத்தாள். ஐந்து மணிக்கு எதிரணி ஆடி முடித்திருக்கும், நம்மவர்கள் இறங்க நேரமாகும், அந்த இடைவேளையில் சேனலை மாற்றினால் போதும், அடுக்களைக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்தால் கண்ணாடி வழியாகத் தானும் பார்த்துக்கொள்வேன் என்றாள். குழு மனுவை மிகுந்த அனுதாபத்துடன் பரிசீலித்தது. இடைவேளையில் நிபுணர்கள் பேசுவார்கள், அதைக் கேட்காமல் ஆட்டம் புரியாது என்றார் தலைவர். அதோடு மறுநாள் கட்டளைக்காக முந்நூறு அதிரசம் ஆகவேண்டியிருக்கிறது, விலக்கானவள் பார்வை அடுக்களை வழியாக வரலாமா என்றார் ஆலோசகர்.

"கதிருக்குத் தீட்டு இல்லைன்னு நீங்கதானே எழுதினேள்?" என்று அவள் கேட்டாள்.

இந்தக் கேள்வியின் முக்கியத்துவத்தைக் கருதி, திங்கட்கிழமை கூடும் கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று ஒத்திவைத்தோம். நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை என்பதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் செயலாளர் வேலை எழுதுவதுதானே?

சனிக்கிழமை அண்ணி மிக்ஸி ரிப்பேர் என்று தணிகைமணி கடைக்குப் போய்வந்தாள். காலையில் அதே மிக்ஸியில்தான் இட்லிப்பொடி அரைத்திருந்தாள். இதையும் நான் நோட்டில் எழுதவில்லை.

ஞாயிறு. ஹாலில் நானும் கணேஷ்ராமும். அடுக்களையில் அண்ணாவும் அண்ணியும் மடியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரணி அடித்த அடியில் கணேஷ்ராம் இரண்டு பஞ்சாங்கத்தையும் மூடிவைத்துவிட்டான். எதிரணி ஆடி முடித்தது. ஐந்து மணி. கோட்டு போட்ட நிபுணர் வாயைத் திறந்தார். டப் என்று அவர் போய், கையில் தாளம் போட்டபடி பத்மப்ரியா வந்தாள்.

"அண்ணா, கை பட்டுடுத்தா?" என்றேன். இல்லை என்றார். பட்டுப்பையை அழுத்தினார். நிபுணர் வந்தார். அடுத்த நொடி பத்மப்ரியா வந்தாள். நிபுணர். பத்மப்ரியா. நிபுணர் 'பந்து வீச்சில்' என்றார், இவள் 'ஆ' என்று இழுத்தாள். இரண்டும் சேர்ந்து கேட்கக் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது என்று சொல்லாமலிருக்க முடியாது.

கணேஷ்ராம்தான் கண்டுபிடித்தான். அடுக்களைக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. கொல்லை அறை ஜன்னல் கம்பியில் அண்ணாவின் ஷேவிங் கண்ணாடி கட்டியிருந்தது. அதன் பின்னால் ஒரு கை, கையில் பஜார் ரிமோட். மூன்று கண்ணாடியில் பட்டுத் திரும்பி அவள் கதிர் டிவிக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர் ஒரு மாதம் பாடுபட்டதை, இவள் மூலையில் உட்கார்ந்தபடி ஒரே நாளில் செய்துவிட்டாள். டிவியை நேராக அமுக்கலாம் என்று ஓடினேன். அதில்தான் பொத்தானே இல்லையே.

அண்ணா மறுபடி பட்டுப்பைக்குக் கை நீட்டினார். அதற்குள் அண்ணி அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"முதல்ல அதிரசத்தை எடுங்கோ, கருகறது" என்றாள். பிறகு, "ஏழு நிமிஷம். நம்ம பொண்ணு பாடறா" என்றாள்.

அண்ணா அப்படியே நின்றார். அப்புறம் அதிரசத்தை எடுத்து, இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிந்துகொண்டே கண்ணாடியைப் பார்த்தார். தோடி அடுக்களைக்குள் வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். புகை என்று சொல்லலாம், ஆனால் அது புகை இல்லை. இந்தக் குழந்தை இவ்வளவு நன்றாகப் பாடும் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. கொல்லை அறையில் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடக்கையால் தாளம் போடுகிற தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கண்ணாடி அல்லவா, அவளுக்கு மாறித்தான் தெரிந்திருக்கும்.

பாட்டு முடிந்தது. கணேஷ்ராம் மெதுவாக, "அந்தக் கதிர் அதிரசத்துக்கு மேலதானே போயிருக்கு?" என்றான்.

அவசரக் கூட்டம் கூடியது. நம்மவர்கள் மட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தபோது கூடியது என்றால் விஷயத்தின் தீவிரம் விளங்கும். கதிருக்குத் தீட்டு உண்டு என்றால் முந்நூறு அதிரசத்தையும் கொட்டவேண்டும். விடிந்தால் கட்டளை. ஒரு மாதமாக மலைக்குப் போன பலகாரமெல்லாம் என்ன கணக்கு என்ற கேள்வியும் வரும். தீட்டு இல்லை என்றால் அந்தப் பெண் கேட்டது நியாயம். இரண்டு பஞ்சாங்கமும் திறக்கப்பட்டன. கால் மணி நேரத்தில் கணேஷ்ராம் தெளிவடைந்தான்.

அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கதிருக்குத் தீட்டு இல்லை. கண்ணாடிக்குத் தீட்டு இல்லை. டிவிக்கு இல்லை. இரண்டு ரிமோட்டுக்கும் இல்லை. அதிரசம் பரம சுத்தம்.

"அப்போ அவளை உள்ளே கூப்பிடட்டுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"அதெப்படி? நாளைக்குக் காலைல ஸ்நானம் பண்ணிட்டு வரட்டும்" என்றான் கணேஷ்ராம். அண்ணா அதிரசத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

கொல்லை ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கோபமாகக்கூட இல்லை.

"சித்தப்பா, தீட்டு இல்லாத லிஸ்ட் முடிஞ்சுதா? அப்போ மிச்சம் நான் ஒருத்திதான். பேரை விட்டுடாதேங்கோ, எழுதிக்கோங்கோ."

ஆபீசில் எத்தனையோ அநியாயமான கோப்புகளை எழுதியிருக்கிறேன், ஒன்றிலும் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. அன்றைக்கு அவள் பேரை இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன். ஆனால் எழுதினேன். கணேஷ்ராம் கையெழுத்துப் போட்டான். நானும் போட்டேன். மடியில் இருந்ததால் அண்ணா பேனாவைத் தொடவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். ஆட்சேபம் இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.