குவிண்டஸுக்கு முன்னால நாலு பேரு

ஆவூர்ப் பக்கம் இப்பல்லாம் பிள்ளை பொறந்ததும் மொத வேலை, ஊர்ல யாருக்குமே இல்லாத பேரத் தேடுறதுதான். மரிய செல்வியோட தலைச்சன் மகனுக்குப் புருசன் ஃபிரெடி செல்போன்லயே கெடந்து புடிச்ச பேரு, குவிண்டஸ். ரெண்டாயிரம் வருசத்து லத்தீன் பேரு. பிறப்புச் சர்ட்டிபிகேட்ல அது ஏறினாத்தான் பாஸ்போர்ட். பாஸ்போர்ட் வந்தாத்தான் தாயும் பிள்ளையும் ஃபிரெடியோட மஸ்கட் போக முடியும்.

பிறப்பு-இறப்பு பதியுற ஆபீஸ்ல உதயசூரியன் சார் பதினோரு மணிக்கு உதிச்சாரு.

"இதென்னம்மா பேரு?"

"லத்தீன் சார். ஆம்பளைன்னா 'உஸ்'னு முடியும், பொம்பளைன்னா 'ஆ'ன்னு முடியும்." புருசன் சொல்லிக் குடுத்தத அப்படியே ஒப்பிச்சா.

"வீட்டுல நடக்குறதுதான். அர்த்தம்?"

மரிய செல்வி வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "அஞ்சாவது, சார்."

சார் பேனாவ மூடிட்டாரு. "சரி, மத்த நாலு எங்க?"

"இதான் சார் மொதப் பிள்ளை."

"மேற்படி நபர் அஞ்சாவதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. முன்னால உள்ள நாலு பேரோட சர்ட்டிபிகேட் வேணும்."

"அவங்க பொறக்கவே இல்லையே சார்!"

"அப்ப பொறக்கலேன்னு சர்ட்டிபிகேட் கொண்டாங்க. நாலும் தனித்தனியா."

"யாரு பேர்ல சார் வாங்குறது?"

சார் மோட்டுவளையப் பார்த்தாரு. பொறக்காதவங்களுக்குப் பேரு வைக்க அரசாணை இல்ல.

"பேர மாத்திக்கங்களேன்."

"மாட்டேன் சார். ஞானஸ்நானமே குடுத்தாச்சு. சர்ட்டிபிகேட் வாங்காம இங்கிட்டிருந்து நகர மாட்டேன்."

குவிண்டஸும் ஆத்தாளுக்கு ஆதரவா வீல்னு கத்த ஆரம்பிச்சான். சார் காதப் பொத்திக்கிட்டே கம்ப்யூட்டர்ல 'எத்தனாவது குழந்தை'ங்கிற கட்டத்துல அஞ்சுன்னு தட்டினாரு.

"பேருக்கும் உண்மைக்கும் முரண்பாடு இருக்கக் கூடாதும்மா. நீங்க பேர மாத்த மாட்டீங்க. அதான் உண்மைய மாத்திட்டேன்."

பாஸ்போர்ட் வந்த அன்னைக்கே அங்கன்வாடி டீச்சர் சுடர்விழியும் வந்துட்டாங்க, கையில அஞ்சு பிள்ளைக்கான சத்துமாவு.

"ஒங்க பேர்ல அஞ்சுன்னு வந்திருக்குக்கா. மத்த நாலையும் கூப்பிடுங்க, எடை போடணும்."

மரிய செல்வி மாவுப் பாக்கெட்டுகள ஒரு பார்வை பார்த்தா.

"அவங்க அப்பத்தா வீட்ல இருக்காங்க டீச்சர். இங்க வச்சா ஒரே சேட்டை."

"எடை?"

"சுமாராப் போட்டுக்கங்க. ஒல்லிதான்."

டீச்சர் எழுதிக்கிட்டு, அஞ்சு பங்கு மாவையும் குடுத்துட்டு அங்கிட்டுப் போனதும், வேலிக்கு அந்தப் பக்கம் நெறமாசமா நின்ன ஏஞ்சல் எட்டிப் பார்த்தா.

"அக்கா, லத்தீன்ல பத்தாவதுக்கு என்ன பேரு?"