உன் மாமா ஊதிய பை

கச்சிராயபாளையம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி காசிநாதனுக்கு அக்கா லட்சுமியம்மாள் எழுதிக்கொண்டது. நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் உன் மாமா நடுவில் பிடுங்கித் தன் கதையை ஆரம்பித்துவிடுகிறார், அதனால்தான் கடிதம்.

அவருக்கு ஒரு மாதமாக நெஞ்செரிச்சல், ஓயாத ஏப்பம். கள்ளக்குறிச்சியில் ஆராய்ச்சிக்காரர்கள் முகாம் போட்டிருந்தார்கள். பையில் மூச்சை ஊதிக் கொடுத்தால், இரைப்பையிலோ உணவுக்குழாயிலோ புற்றுநோய் ஆரம்பிக்கிற அறிகுறி உண்டா என்று அந்தக் காற்றை வைத்தே பார்ப்பார்களாம். வெறும் வயிற்றோடு வரச்சொன்னார்கள். இவர் பயத்தில் பஸ் ஸ்டாண்டிலேயே போண்டா தின்றுவிட்டார். நர்ஸ் தமிழ்மொழி, "இன்னா சாப்ட்டீங்க?" என்று கேட்டதும், "வாயத்தான் நனைச்சேங்க" என்கிறார், மீசையில் சட்னி! திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாள் பையை வாங்கினவர் ஊதவே இல்லை. "ஊதுங்கய்யா." "ஊதிக்கினுதாங்க கீறேன்." பை சப்பையாகக் கிடக்கிறது. கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஊதினார். 

முடிவு வரும்வரை நான் பட்ட பாடு! "இந்தக் கரும்ப வெட்டறப்ப நான் இருப்பனோ இன்னாவோ" என்று வரப்பில் உட்கார்ந்து அழுகிறார். மோட்டார் போட எனக்குப் பாடம் எடுக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான்தான் போடுகிறேன். கடைசி ஆசை என்று தினமும் கறிக்குழம்பு வேறு. அவரைத் திட்டிவிட்டு மாட்டுக்கொட்டகையில் போய் நானும் அழுதேன்.

நேற்று தமிழ்மொழி போன் செய்தாள். அவர் மூச்சில் சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லையாம். நெஞ்செரிச்சலுக்கு டாக்டரும் மாத்திரை கொடுத்திருக்கிறார். இப்போது டீக்கடையில், "என் மூச்சு சுத்தமான மூச்சுடா" என்று பேசிக்கினு திரிகிறார். அதனால் நீ லீவு போட்டு அலைய வேண்டாம். எல்லோரும் நூறு வயசு நல்லா இருங்கள்.

அன்பு அக்கா,
லட்சுமியம்மாள்

பி.கு.: அவருக்குத் தைரியம் வரட்டும் என்று அன்றைக்கு முதலில் நான்தான் இன்னொரு பையில் ஊதிக் காட்டினேன், அதையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழ்மொழி போனை வைக்கும் முன், "அக்கா, உங்க பைதான் சரியில்லக்கா. பயந்துடாதீங்க, சந்தேகந்தான். வாய் வழியா கொழாய் வுட்டுப் பாத்தாதான் தெரியும். வர்ற வியாழக்கெழம யாரனா தொணைக்குக் கூட்டிக்கினு வாங்க" என்றாள். உன் மாமாவிடம் சொல்லவில்லை, தாங்கமாட்டார். லீவு போட வேண்டாம் என்று எழுதியதை விடு. புதன்கிழமையே வந்துவிடு தம்பி. நேற்றிலிருந்து எனக்கு எச்சில்கூட இறங்கவில்லை. பயத்தாலா, அதனாலேயா, தெரியவில்லை.