ஏழு மணி அட்சதை

சிராங்கூன் சாலை, சிங்கப்பூர்
ஆவணி மாதம், 1909

அன்பும் மரியாதையும் மிக்க மைத்துனர் பரமசிவத்துக்கு துரைசாமி எழுதிக்கொள்வது.

இதை நானே எழுதுகிறேன். கூலி கொடுத்து யாரையும் எழுதச் சொல்லவில்லை. அறுபத்திரண்டு வயதில் எனக்கு 'ழ' வந்துவிட்டது. ஏழு, கோழி, புழுங்கல் என்று கீழே நிறைய வரும், பார்த்துக்கொள். முதலில் நலம் என்று எழுத வேண்டுமாம். எழுதிவிட்டேன். ஆனால் நலமில்லை.

என் கடைக்குட்டி கண்மணியின் கல்யாணத்துக்கு, முழங்கால் வீங்கி, கப்பலேற முடியாமல் போன பாவி நான். ஏழு மணிக்குத் தாலி, அந்த நேரத்துக்கு நீங்கள் அங்கிருந்தே அட்சதை போட்டுவிடுங்கள் என்று உன் அக்கா மஞ்சளரிசியைத் துணியில் முடிந்து அனுப்பியிருந்தாளே, அன்று விடியுமுன் குளித்து, புதுவேட்டி கட்டி, நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே நூர்தீன் மரைக்காயர் கடை வாசலில் மேற்கே பார்த்து நின்று, கடைக் கடிகாரம் ஏழு அடித்ததும் ஒரு மணிகூட மிச்சம் வைக்காமல் வீசிவிட்டு, மகராசியா இரு தாயீ என்று தெருவே பார்க்க அழுதேன். பால்காரர் வீட்டுக் கோழிகள் எல்லாவற்றையும் தின்று முடித்த பிறகு மரைக்காயர் சாவகாசமாகக் கேட்கிறார்:

"ஏண்ணே, இப்பவே போட்டுட்டீங்க? நம்ம ஊர்ல இப்ப அஞ்சரைதானே?"

"ஒரே சூரியன்தானே மரைக்காயரே?"

"ஒரே சூரியன்தான். இங்க வந்துட்டுத்தான் அங்க போவுது. நான் கடை திறந்து ரெண்டு பேருக்கு மல்லி வித்த பிறகுதான் நாகூர்ல என் தம்பி கண்ணு முழிப்பான்."

எனக்குத் தலை சுற்றியது. நான் வாழ்த்தியபோது பெண்ணுக்குத் தலைகூடப் பின்னியிருக்க மாட்டார்களே! எட்டரைக்கு இன்னொரு தரம் போடுங்க என்று அவரே ஒரு படி அரிசி கொடுத்தார். மஞ்சளைப் பிசைந்து, எட்டரை அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். அது அந்த நேரம் பார்த்து வந்த மாட்டுவண்டி வடிவேலுவின் தலையில் விழுந்தது. அவன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "என்னங்க, புழுங்கலரிசியா இருக்கு?" என்கிறான்.

பரமசிவம், நீயே சொல். பச்சரிசி போட்டபோது தாலி இல்லை. தாலி ஏறியபோது பச்சரிசி இல்லை. பெற்றவன் வாழ்த்தே இல்லாமல் என் பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். சோறு இறங்கவில்லை. உனக்குப் புண்ணியமாகப் போகட்டும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் இன்னொரு நாள் மணையில் உட்கார்த்தி வை. நேரம் எழுதும்போது அது உன் ஊர் நேரமா, என் ஊர் நேரமா என்றும் சேர்த்து எழுது.

உன் அக்காவுக்கு என் அன்பு. அவளிடம் புழுங்கலரிசியைப் பற்றி மூச்சு விடாதே. குழந்தைகள் நூறு வயது இருக்கட்டும், இரண்டு ஊர்க் கடிகாரப்படியும்.

இப்படிக்கு,
துரைசாமி (என் கையெழுத்து)

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்குமுன் நம் ஊர் அப்துல் மஜீது கப்பலில் வந்து இறங்கிவிட்டார். பந்தலில் நீ ஐயரை உலுக்கியதைச் சொன்னார். "உங்க மச்சான் ஒத்தக்கால்ல நின்னாரு. 'அத்தான் அங்க ஏழுக்குக் கையத் தூக்கிடுவாரு, இங்க அது அஞ்சரை, முகூர்த்தமும் பொறந்தாச்சு, கட்டுங்க'ன்னு ஒரே சத்தம். மாப்பிள்ளை பாதித் தூக்கத்துல தாலி கட்டினாரு" என்றார். ஆக, என் பச்சரிசி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது என்று அவ்வளவு உறுதியாக நம்பினாயே, உன் வாயில் சர்க்கரை போட வேண்டும். மேலே உள்ளதை எல்லாம் படிக்காதே. அடித்துவிடலாம்தான், இத்தனை 'ழ'வை அடிக்க மனம் வரவில்லை. எட்டரை மணி வாழ்த்து மட்டும் வடிவேலுவிடம் தங்கிவிட்டது. நாற்பது வயது பிரம்மச்சாரி, "போட்டீங்கல்ல, பொண்ணையும் பாருங்க" என்று தினமும் வாசலில் வண்டியை நிறுத்துகிறான். அங்கே யாராவது இருந்தால் எழுது.