சந்தேகத்தாரின் றேடியோ

ஊர்காவற்றுறையில் ஒருவரையுமே நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் பகுதிக்கிருந்த ஒரே றேடியோவும் அவருடைய கடையில்தான் இருந்தது. ஊர் அவருக்கு வைத்த பெயர் சந்தேகத்தார்.

அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். அல்லைப்பிட்டியிலிருந்து மீன் கொண்டுவருபவர் ஒருநாள் புதுத் தொப்பியோடு வந்துவிட்டார். "உந்தத் தொப்பி ஆர் தந்தது? யப்பான்காரனோ?" என்று விசாரணை தொடங்கிவிட்டது. சீவல்காரர் பனையில் நின்று கடலைப் பார்த்தால், "உவன் ஆருக்குச் சைகை காட்டுறான்?" என்பார்.

றேடியோவையும் அவர் நம்பவில்லை. செய்தி முடிந்ததும் பழைய சாரத் துணியால் மூடிவிடுவார். "நாங்கள் கதைக்கிறதை உது கேட்கும்."

சிங்கப்பூர் விழாது என்று அது அடித்துச் சொன்னபோது, "அப்ப விழப்போகுது" என்றார். விழுந்தது. அதன்பிறகு சனம் செய்தியைக் காதால் கேட்டு, மெய்யா பொய்யா என்பதை அவர் முகத்தில் பார்த்தது.

அடுத்து வந்த பாஸ்கு ஞாயிறன்று, ஈஸ்டர் நாளில், கொழும்பில் குண்டு விழுந்தது. துறைமுகத்தைத் தாக்கிய யப்பான் விமானங்கள் பலவற்றைச் சுட்டு விழுத்தியாயிற்று, சேதம் குறைவு என்றது றேடியோ. கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். என் அண்ணன் அந்தத் துறைமுகத்தில்தான் கணக்கெழுதும் கிளாக்கர்.

அம்மா சந்தேகத்தாரைப் பார்த்தார். "மெய்யோ அண்ணை?"

"ஓம் தங்கச்சி. றேடியோ பொய் சொல்லாது."

அவர் எதையாவது நம்பி நான் கண்டதேயில்லை.

பின்னேரம் கடை பூட்டிக் கிடந்தது. ஆளைக் காணவில்லை. கொழும்புச் சனம் மூட்டை முடிச்சோடு வடக்கே ஓடிவந்துகொண்டிருந்தது. இந்த மனிதர் வள்ளமேறி, யாழ்ப்பாணத்தில் ரயில் பிடித்து, தெற்கே போயிருக்கிறார். அது பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஒரு காலை, எங்கள் வீட்டு வாசற்படலையில் அண்ணன் நின்றான். தலையில் கட்டு. பின்னால், அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி சந்தேகத்தார். அவனிடம் ஓடிய அம்மாவைக் கை நீட்டி மறித்தார்.

"பொறும் தங்கச்சி. பேரும் சொல்லுறான், ஊரும் சொல்லுறான். எண்டாலும் எனக்கு நம்பிக்கை வரேல்லை. உம்மடை பிள்ளைதானோ எண்டு வடிவாப் பாரும்."

அம்மா அழுதுகொண்டே சிரித்தார். "என்ரை பிள்ளைதான் அண்ணை."

அதற்குப் பிறகே சட்டையை விட்டார்.

அன்று எங்கள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. குழம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, மூன்றுதரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அதன்பிறகு நாங்கள் ஒருவரும் அவரைச் சந்தேகத்தார் என்று சொன்னதில்லை. மாமா என்றோம்.