கொம்பு சீவிய புத்தகம்

“…அப்போ புஸ்தகத்துக்கு இல்லீங்களா, மாப்பிள்ளை? அந்தக் கிறுக்கலுக்குத்தான் அந்தம்மா அத்தனை டாலர் குடுக்கறேன்னுதுங்களா?”

காந்திபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில், என் மச்சான் வேலுச்சாமி இப்படிக் கேட்டபோது என் கை சட்டைப் பைக்குப் போனது. அதில் ஒரு அழிரப்பர் மட்டும் இருந்தது. பாதி தேய்ந்தது. மீதிப் பாதி எங்கே தேய்ந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் அல்ல. ஆனாலும் என் வீட்டில் எல்லாரும் ஊருக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள், நான் மட்டும் மறைத்து என்ன லாபம்?

தொண்ணூறுகளின் கடைசியில் காந்திபுரத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. மிச்சத்தை எடைக்கு வந்த புத்தகங்களில்தான் படித்துக்கொண்டேன். எல்லாம் ஓரளவு தெரியும். விலை வைக்க மட்டும் தெரியாது. எந்தப் புத்தகமானாலும் அட்டை விலையில் பாதி. அட்டை இல்லாவிட்டால் கால். அட்டையும் விலையும் இல்லாவிட்டால் வந்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். (முகம் வாடியிருந்தால் இன்னும் குறைப்பேன். இதைக் கண்டுபிடித்த கல்லூரிப் பையன்கள் கடைப்படி ஏறும்போதே முகத்தை வாடவைத்துக்கொண்டு வருவார்கள்.)

“கடையா நடத்தறீங்க? தண்ணிப்பந்தல் நடத்தறீங்க,” என்பாள் என் மனைவி சாந்தாமணி.

அவளுடைய அண்ணன்தான் வேலுச்சாமி. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிறவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர், ஒன்பது கிலோ கூடுதல். தறி அவருக்குத் தொழில், உயிர் மாட்டுச் சந்தையில். வாரம் தவறாமல் போய்விடுவார். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே பேரம் நடத்துவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, இரண்டு பிடித்தால் இரண்டு. அது நூறா ஆயிரமா என்பது அவரவருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு முகம்தான் தெரியும். முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த வித்தையில் மச்சானை மிஞ்ச ஆள் இல்லை என்று சந்தையே சொல்லும்.

அந்த வருஷம் நீலகிரியில் ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது மூட்டை மூட்டையாகப் புத்தகம் எடைக்கு வாங்கினேன். அதில் ஒன்று பறவைகளைப் பற்றியது. கையால் வர்ணம் தீட்டிய படங்கள். காகிதத்தின் ஓரங்கள் நேராக வெட்டப்படாமல் பிய்த்துப் போட்ட ரொட்டி போல இருந்தன. அட்டை தொங்கியது. போதாக்குறைக்கு, பக்க ஓரமெல்லாம் யாரோ பொடிப்பொடியாகப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் எஸ்டேட் பெயரும் இரண்டு இனிஷியலும்.

கடைக்கு வரும் ஒரு கல்லூரி ஆசிரியர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதைக் கால் விலைக்கு வித்துடாதீங்க. இப்பெல்லாம் இன்டர்நெட்ல உலகம் பூரா இருக்கிற பழைய புத்தகக்காரங்க விலையோட பட்டியல் போடறாங்க, போய்ப் பாருங்க,” என்றார்.

போய்ப் பார்த்தேன். அந்த மாடி சென்டரை நடத்திய தேவகி என்ற பெண்தான் எனக்குக் கம்ப்யூட்டரில் தேடிக் கொடுத்தாள். திரையில் வரி வரியாகப் புத்தகங்கள், விலைகள். ஒரே புத்தகம் ஒருவரிடம் பத்து டாலர், இன்னொருவரிடம் முந்நூறு. அதே எழுத்து, அதே பக்கம், எதற்கு இத்தனை வித்தியாசம்? மணிக்கணக்குக்குக் காசு ஓடுவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். தேங்காய் விலை புரியும், நூல் விலை புரியும். இது எந்தத் தராசு என்று எனக்குப் புரியவே இல்லை.

வீட்டில் வந்து சொன்னேன். அன்றைக்கு மச்சானும் வந்திருந்தார். கடையை மூடிவிட்டு அவருடைய தறிக்கூடத்தில் மேற்பார்வைக்கு வரச்சொல்லி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். சாந்தாமணியும் அந்தக் கட்சி.

“சரிங்க மாப்பிள்ளை,” என்றார். “இந்த ஒரு புஸ்தகத்தை டாலருக்கு வித்துக் காட்டுங்க. தறிப் பேச்சையே எடுக்க மாட்டேனுங்க. விக்கலைன்னா தை மாசம் கடைச் சாவி என்ற கைக்கு வந்துரோணும். சம்மதமுங்களா?”

ரோஷத்தில் சம்மதித்தேன். (ரோஷத்தில் செய்ததில் உருப்பட்டது ஒன்று உண்டா என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.)

நாற்பது டாலர் கிடைத்தால் போதும் என்று எனக்கு எண்ணம். ஆனால் பேரம் பேசுவார்கள் அல்லவா? ஆகவே பட்டியலில் நூறு என்று போடச் சொன்னேன், தேவகியிடம். வர்ணனையில் நேர்மையாக எல்லாக் குறைகளையும் எழுதினேன்: ஓரம் கோணல், அட்டை தொங்கல், பக்கமெல்லாம் யாரோ பென்சிலால் கிறுக்கல், முதல் பக்கத்தில் இன்ன எஸ்டேட்டின் பெயர்.

நான்காம் நாள் மெயில் வந்துவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து ஒரு அம்மாள். ‘நூறு டாலருக்கு நான் வாங்கிக்கொள்கிறேன். தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம்.’ அவ்வளவுதான். பேரம் இல்லை.

கையில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்! நான் துள்ளினேன். மச்சான் துள்ளவில்லை. மறுநாள் சென்டருக்கே வந்து, என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு திரையை முறைத்தார்.

“கேட்ட வெலைக்கு ஒத்துக்கிட்டானா மாடு போச்சுன்னு அர்த்தமுங்க, மாப்பிள்ளை. அந்தம்மா கண்ணுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குது. நமக்குத்தான் தெரியலை.”

(அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவர் ஞானி.)

“ஆனா பாருங்க, இந்தக் கோலத்துலயே நூறுன்னா, குளிப்பாட்டிக் கொம்பு சீவி நிறுத்துனா என்ன போகும்? கொம்பு சீவாத மாட்டை எவனாச்சும் சந்தைக்கு ஓட்டுவானுங்களா?”

“அண்ணா, அந்தம்மாதான் சரின்னுட்டாங்களே. அனுப்பிச்சிடலாமே,” என்றாள் தேவகி.

“கண்ணு, நீ சும்மா இரு. இது யாவாரம்.” தோளில் இருந்த துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே என் விரல்களைப் பிடித்தார். இரண்டு விரல். அப்புறம் ஒரு விரலில் பாதி.

“துண்டுக்குள்ள என்னங்ண்ணா பண்றீங்க?” என்று தேவகி எட்டிப் பார்த்தாள்.

“வெலை பேசறோம் அம்மணி. உனக்குத் தெரியக்கூடாது.”

“நான்தானுங்களே டைப் அடிக்கோணும்?”

இருநூற்றைம்பது! யாரிடம் விற்கிறோமோ அவர் கடல் தாண்டி இருக்கிறார். விற்கிற நாங்கள் இருவரும் ஒரே கட்சி. எங்களுக்குள் எதற்குத் துண்டு என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. ‘புத்தகத்தைச் சீர்செய்கிறோம், பத்து நாள் பொறுக்கவும்’ என்று ஒரு பதிலைப் போட்டுவிட்டு இறங்கினோம்.

புத்தகத்தை மச்சான் பெரியநாயக்கன்பாளையத்தில் நோட்டுப் புத்தகம் தைக்கிற ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். ‘ஓரம் நொம்பக் கோணலுங்க, அரை இஞ்சாச்சும் போகும்’ என்றாராம் பட்டறைக்காரர். ‘போகட்டுமுங்க’ என்றாராம் இவர். மூன்று பக்கமும் மெஷினில் வைத்து ஒரே அமுக்கு. தொங்கிய பழைய அட்டை குப்பைக்குப் போனது. புதிதாகச் சிவப்புக் காலிகோத் துணி அட்டை, மூலைக்கு மூலை பச்சைத் துணி, மில் பேரேடு தோற்றுப்போகும். மரியாதைக்காகப் பட்டறைக்காரர் இலவசமாக ஒரு லேபிளும் ஒட்டியிருந்தார்: பெயர், வகுப்பு, பாடம்.

“பாடம்ங்கற எடத்துல பறவைன்னு எழுதிப்போடலாமுங்க,” என்றார் மச்சான், கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல அட்டையைத் தடவிக்கொண்டே.

வெட்டியது போக, ஓரங்களில் பென்சில் எழுத்துகள் பாதிப் பாதியாக நின்றன. அது என் பங்கு. ஒரு மதியம் முழுக்கக் கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அழித்தேன். கை வலித்தது. அழிக்கும்போதே கொஞ்சம் படித்துப் பார்த்திருக்கலாம். புத்தகக் கடைக்காரன் அல்லவா, படிக்கத் தெரியும் அல்லவா? படிக்கவில்லை. அழுக்கு என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அதில் எழுத்து தெரியாது போலிருக்கிறது.

பெருமையோடு மெயில் போட்டோம். ‘அம்மா, எல்லாக் குறைகளையும் நீக்கிவிட்டோம். ஓரம் நேர். அட்டை புதிது. கிறுக்கல் ஒன்றுகூட இல்லை. விலை இருநூற்றைம்பது.’

பதில் வந்த நாளில்தான் நான் முதலில் சொன்ன கேள்வி பிறந்தது. தேவகி மெல்ல மெல்லத் தமிழில் சொன்னாள். அந்த எஸ்டேட்டில் துரையாக இருந்தவர் அந்த அம்மாளின் தாத்தா. முப்பது வருஷம், எந்தப் பறவையை எந்தத் தேதியில் எந்தச் சரிவில் பார்த்தார் என்று அந்தந்தப் படத்துக்குப் பக்கத்தில் குறித்து வைத்தவர். அதே புத்தகத்தின் வேறு ஒரு பிரதி அவர்களிடமே இருக்கிறதாம். ‘எனக்கு வேண்டியிருந்தது கிறுக்கல்தான். சொன்னால் விலையை ஏற்றிவிடுவீர்களோ என்று சொல்லாமல் இருந்தேன். தவறு என்னுடையது. நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமத்துக்கு நன்றி.’

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நன்றி சொல்லிவிட்டார். ஒரு மனுஷன் முப்பது வருஷம் காத்திருந்து பார்த்த பறவைகளை, நான் ஒரு மதியத்தில் விரட்டியிருந்தேன்.

“அந்தம்மாவும் துண்டுக்குள்ளதாங்க கையை வெச்சிருந்திருக்குது,” என்று முணுமுணுத்தார் மச்சான். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி. கிறுக்கலுக்குத்தானுங்களா?

அவர் அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லும் முன், பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

புத்தகத்தைக் காசு வாங்காமல் அனுப்பி வைத்தோம். “தானங் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்க மாட்டாங்கம்மணி,” என்று மச்சான் தங்கைக்குச் சமாதானம் சொன்னார். “பல்லைத்தான் நீங்க ரெண்டு பேரும் புடுங்கிப்போட்டீங்களே, அண்ணா. எங்க போயிப் பாக்கறது?” என்றாள் அவள். இரண்டு மாதம் கழித்து ஸ்காட்லாந்திலிருந்து ஒரு சின்னப் பார்சல் வந்தது. உள்ளே ஒரு டஜன் பென்சில். ஒன்றின் பின்புறத்திலும் ரப்பர் இல்லை.

தை பிறந்தது. புத்தகம் விற்கவில்லையே, ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே என்று சாவியைத் துடைத்து வைத்திருந்தேன். மச்சான் வந்தார், டீ குடித்தார், சாவியைப் பார்க்காமலே போய்விட்டார். கடை இன்றும் இருக்கிறது. விலை வைக்கும் முறை மட்டும் மாறிவிட்டது. எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் ஓரத்தைத்தான் படிக்கிறேன். ‘அக்காவுக்குக் கல்யாணப் பரிசு’, ‘மூன்றாம் முறை பெயில்’, பால் கணக்கு, எதையும் அழிப்பதில்லை. கறை இருந்தால் யாருடைய கறை என்று கேட்டுப் பார்க்கிறேன். அந்தத் தராசு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் அதில் மனுஷரையும் சேர்த்து நிறுக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

வீட்டில் யார் எதற்குச் சுண்ணாம்பு அடித்தாலும், சைக்கிளுக்குப் பெயின்ட் அடித்தாலும் “கொம்பு சீவியாச்சா?” என்பதுதான் கேள்வி. என் மகள் நிச்சயதார்த்தத்தன்று அலங்காரம் செய்ய வந்த பெண் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்ததும், கூடம் அதிர மச்சான் கத்தினார்: “அம்மணி, எதையும் வெட்டிப்போடாதீங்க! மொதல்ல மாப்பிள்ளை ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க!” சம்பந்தி வீட்டார் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு, சென்டரில் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, அவர் என் பதிலுக்காக நிற்கவில்லை. “வாரேனுங்க,” என்று படியில் இறங்கிவிட்டார். கோபித்துக்கொண்டு கருமத்தம்பட்டிக்கே போய்விட்டார் என்று நினைத்தேன். மாலை ஐந்து மணிக்குக் கடைப்படியில் தொம்மென்று ஒரு சத்தம். மச்சான். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில், தலையில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்திருந்தார். பட்டறையின் வெட்டுக் கழிவை, பழைய பேப்பர்காரர் தூக்கிப் போகும் முன்னால் மொத்தமாக வாங்கி வந்துவிட்டார். கடை நடுவில் கொட்டினார். ஆயிரம் நோட்டுப் புத்தகங்களின் வெள்ளை நறுக்குகள். அங்கங்கே ஒரு பழுப்பு நறுக்கு, அதில் பென்சிலால் அரை வார்த்தை, கால் தேதி.

தோளில் இருந்த துண்டை எடுத்தார். உதறினார். தரையில் முழுசாக விரித்து, நாலு மூலையையும் நீவிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் பழுப்பு நறுக்கை எடுத்து அதன் நடுவில் வைத்தார்.