முன்பல் சிமெண்டும் நான் பிடித்த சிக்கனமும்

அன்பு மருமகள் ஜுசாராவுக்கு, மாமா ஜெர்வாசியோ எழுதுவது. மாதாவின் காவலில் நீ, உன் கணவர், நாய் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகமாக இல்லை. காரணம் நீ.

ஈறு இறங்கி என் முன்பல்லின் வேர் வெளியே தெரிகிறது, அதில் சத்துக் கரைந்து பள்ளம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, ஈஸ்டருக்கு நான் உன் பல் கிளினிக்குக்கு வந்தபோது நீதானே அடைத்தாய்? "இது கண்ணாடித் தூள்ல செய்யற சிமெண்டு மாமா. உள்ளேர்ந்து ஃப்ளூரைடு கொஞ்சம் கொஞ்சமாக் கசியும். சுத்தியிருக்கிற வேர் கரையாமப் பாத்துக்கும்" என்றாய். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டாலும் ரேடியோ பழுதுபார்க்கத் தானே கற்றுக்கொண்டவன் நான். கசிகிற எதுவும் ஒருநாள் காலியாகும் என்று எனக்குத் தெரியாதா? தேய்த்தும் கழுவியும் மருந்து வீணாகக் கூடாதென்று பேஸ்ட்டை நிறுத்தினேன், கொப்பளிப்பதை நிறுத்தினேன், துணியால் மட்டும் துடைத்துக்கொண்டேன். நான் கிளாரினெட் வாசிக்கும் பாண்டு குழுவின் ஒத்திகை இடைவேளைகளில் ஒரு துண்டு ரபதூரா வெல்லத்தை உதட்டுக்கும் முன்பல்லுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்வது மட்டும் வழக்கம்போல் நடந்தது. உன் அத்தை ஸுல்மிரா, "பாண்டுல எல்லாரும் தள்ளித் தள்ளி உக்கார்றாங்களாமே, வாசிப்பு அவ்வளவு பிரமாதமா?" என்று கேட்டபோதும் நான் அசையவில்லை.

இந்தச் செவ்வாய் ஒத்திகையில், ஜெபமாலை மாதா ஊர்வலத்துக்கு வருடாவருடம் நான் தனியாக வாசிக்கும் பகுதியில், பக்கத்துப் பல்லில் மின்சாரம் பாய்ந்தது. கிளாரினெட் வாத்துப் போலக் கத்தியது. பாண்டு மாஸ்டர் தியோக்ளேசியோ, "பெரியவரே, ஞாயித்துக்கிழமை ஊர்வலத்துல நீங்க கொடி பிடிங்க. அந்தத் தனிப் பகுதிய அமாதெயு வாசிக்கட்டும்" என்றார். அமாதெயு! கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரே வேகத்தில் வாசிக்கிறவன்!

உனக்குப் போன் செய்தால் நீ சிரிக்கிறாய். "ஐயோ மாமா, பேஸ்ட்லேர்ந்துதான் அந்த சிமெண்டு மறுபடி ஃப்ளூரைடை எடுத்துக்கும். நீங்க மிச்சம் பிடிக்கல, பட்டினி போட்டிருக்கீங்க!" இதை அடைத்த அன்றே சொல்வதற்கு என்ன? தினமும் இரண்டு வேளை தேய்க்கச் சொன்னாய், உண்மை. அது எல்லோருக்கும் சொல்வது. அதில் காரணம் எங்கே இருந்தது? இவ்வளவுக்குப் பிறகும் நீ அடைத்த இடத்தின் ஓரம் கல்லுப்போல் இருக்கிறது, பக்கத்துப் பல்லின் வேர்தான் பாலாடைக்கட்டியாகிவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உன்னிடம் வாயைத் திறந்ததற்கு வருந்துகிறேன். "வியாழக்கிழமை வாங்க மாமா, ஞாயித்துக்கிழமை நீங்களே வாசிக்கலாம்" என்றாய். வர மாட்டேன். கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கொடி பிடிப்பதும் மாதாவுக்குச் சேவைதான்.

உன் கைக்கு நிதானத்தையும் உன் நாக்குக்கு முழு விவரத்தையும் மாதா அருளட்டும்.

உன் மாமா,
ஜெர்வாசியோ

பி.கு.: பஸ்ஸில் எழுதியதால் கையெழுத்துக் கோணல். உன் வரவேற்பறையில் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இதை உன் உதவியாளர் பெண்ணிடம் உள்ளே கொடுத்தனுப்புகிறேன். மாதா கோயில் வாசலைத் தாண்டும் இடத்தில் அமாதெயு மூச்சு வாங்குவான், ஜுசாரா. அங்கே வாங்கவே கூடாது. அதே சிமெண்டையே போடு. பேஸ்ட் வாங்கிவிட்டேன், ஸுல்மிராவிடம் சொல்லாதே.